உயிரணு மூப்பு: காவலும் கேடும்

(களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய பாடம்)

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வசிக்கிறார். தெருவார் அனைவருக்கும் அவர் டீச்சரம்மா. ஏரிக்கரையில் 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை வரை நாள்தோறும் காலையில் நடந்து சென்று வருவது அவருடைய வழக்கம். முழங்கால் மூட்டு நோய் முற்றியபின் அவ்வழக்கம் நின்றுவிட்டது. ஒரு நாள் அவர் ஒரு மாத்திரைப் புட்டியை என்னிடம் கொணர்ந்து, "தம்பி, மொழிபெயர்ப்பதுதானே உங்கள் உத்தியோகம். இதில் என்ன எழுதியிருக்கிறதென்று தமிழில் சொல்லுங்கள்" என்றார்.

மூப்படைந்த அணுக்களை உடலினின்று நீக்கி இளமையை மீட்பது என்று அப்புட்டியில் அச்சிட்டிருந்தது. அதன் விலை அவருடைய மாத ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு. சொற்களைத் தமிழில் பெயர்த்துக் கூறினேன். "அப்படியானால் இது மெய்தானா?" என்று அவர் கேட்டார். அவ்வினாவுக்கு விடை கூற அன்று என்னால் இயலவில்லை. சொல்லைப் பெயர்ப்பது வேறு. அச்சொல் குறிக்கும் பொருளை அறிவது வேறு.

இத்தகைய வினாக்கள் களப்பணியாளரையும் ஆசிரியரையும் இனி அடிக்கடி நாடி வரும். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியே நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்களுடைய வலியும் அச்சமும் மெய்யானவை. அவற்றை வாணிபப் பொருளாக்குவோரும் உளர். ஆகவே உயிரணு மூப்பு என்பது யாது, அது உடலுக்குச் செய்யும் நன்மை யாது, தீமை யாது, அதனை நீக்கும் மருந்து உண்டா என்பனவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

1. சொல்லும் பொருளும்

பள்ளிப் புத்தகங்கள் செல் என்று கூறும் உயிரணுக்கள், வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உள்ளன. இவற்றுள் பல, ஒன்று இரண்டாகப் பிரிந்து, தேய்ந்தவற்றின் இடத்தை நிரப்பி வருகின்றன. தோல், குடல், குருதி ஆகியவற்றின் அணுக்கள் இவ்வாறு இடையறாது புதுப்பிக்கப்படுகின்றன.

பிரியும் ஆற்றல் உடைய ஓர் அணு, சேதம் காரணமாகவோ வேறு நெருக்கடி காரணமாகவோ அவ்வாற்றலை நிலையாகக் கைவிட்டு, ஆயினும் இறவாமல் உயிரோடு இருக்கும் நிலையே உயிரணு மூப்பு ஆகும். இவ்விளக்கத்தில் மூன்று கூறுகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, பிரிதல் நின்றுவிட்டது. இரண்டாவது, அது மீளாத நிறுத்தம். உணவு குறைந்தபோது ஓய்ந்திருந்து, உணவு வந்தபின் மீண்டும் பிரியும் துயில்நிலை அன்று. மூன்றாவது, அணு இறந்துபடவில்லை. உண்கிறது, பருக்கிறது, பல இரசாயனப் பொருள்களை வெளியிடுகிறது.

முதுமை என்ற சொல்லோடு இதனைக் குழப்பலாகாது. முதுமை ஆளுக்கு வருவது. மூப்பு என்று இப்பாடம் குறிப்பது தனித்தனி அணுவுக்கு நேர்வது. பத்து வயதுச் சிறுவன் உடலிலும் மூப்படைந்த அணுக்கள் உண்டு. தாயின் வயிற்றில் வளரும் கருவிலும் உண்டு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

2. சாகாத அணுக்கள் என்ற பிழை

உடலணுக்கள் அளவின்றிப் பிரிய வல்லன அல்ல என்று ஜெர்மன் உயிரியலார் வைஸ்மான் 1881ஆம் ஆண்டிலேயே கருதினார். ஆயினும் அக்கருத்து நெடுநாள் ஏற்கப்படவில்லை. நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் அலெக்சிஸ் காரல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1912 ஜனவரி 17 அன்று கோழிக் கருவின் இதயத் துணுக்கு ஒன்றைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கத் தொடங்கினார். அவ்வளர்ப்பு 1946 வரை, அதாவது காரல் 1944இல் மறைந்த பிறகும், தொடர்ந்து நடைபெற்றது. கோழியின் ஆயுளைக் காட்டிலும் அதன் அணுக்களின் ஆயுள் மிகுந்துவிட்டபடியால், அணுக்கள் இயல்பாகவே சாகா வரம் பெற்றவை என்றும், உடலில் இருப்பதனாலேயே மூப்படைகின்றன என்றும் உலகம் நம்பியது. காரல் அதே 1912ஆம் ஆண்டில் இரத்தக் குழாய்த் தையல் முறைக்காக நோபெல் பரிசு பெற்றவர். எனவே அவர் கூற்றை ஐயுறத் துணிந்தோர் மிகச் சிலரே.

இந்நம்பிக்கையைத் தகர்த்தவர்கள் பிலடெல்பியா நகரத்து விஸ்டார் நிலையத்தைச் சேர்ந்த லெனர்ட் ஹேஃப்லிக், பால் மூர்ஹெட் ஆகிய இருவர். மனிதக் கருவின் திசுக்களினின்று எடுத்த 25 அணு வரிசைகளை அவர்கள் வளர்த்தனர். ஒவ்வொரு வரிசையும் ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் தளர்ந்து நின்றது. உணவுக் குறைவோ கலத்திலுள்ள நஞ்சோ இதற்குக் காரணமாகலாம் அன்றோ? அந்த ஐயத்தை நீக்க அவர்கள் செய்த சோதனை வகுப்பில் எடுத்துக் கூறத்தக்கது. பல முறை பிரிந்து முதிர்ந்த ஆண் அணுக்களையும், சில முறையே பிரிந்த இளம் பெண் அணுக்களையும் ஒரே கலத்தில் கலந்து வளர்த்தனர். ஆண், பெண் அணுக்களைக் குரோமோசோம்களைக் கொண்டு பிரித்தறியலாம். நாளடைவில் ஆண் அணுக்கள் மறைந்தன. பெண் அணுக்கள் தொடர்ந்து பிரிந்தன. உணவும் ஒன்று, கலமும் ஒன்று. ஆயினும் முடிவு வேறு. ஆகவே எல்லை, கலத்தில் இல்லை. அணுவுக்குள்ளேயே இருக்கின்றது என்பது உறுதியாயிற்று. குளிரில் உறையவைத்து, பின்னர் எடுத்து வளர்த்தாலும், அணுக்கள் விட்ட இடத்திலிருந்தே எண்ணிக்கையைத் தொடர்ந்தன.

ஓர் இதழ் ஏற்க மறுத்த இக்கட்டுரை 1961ஆம் ஆண்டில் வேறோர் இதழில் வெளிவந்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட் 1974இல் இதற்கு ஹேஃப்லிக் எல்லை என்று பெயர் சூட்டினார். காரலின் வளர்ப்பில், உணவாக ஊற்றிய கருச்சாற்றின் வழியாகப் புதிய அணுக்கள் கலந்துகொண்டே இருந்தன என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். வாய்க்கால் நீர் வந்துகொண்டே இருக்கும் ஏரி வற்றுவதில்லை. அதனைக் கொண்டு, ஏரி நீர் ஆவியாவதில்லை என்று முடிவு கட்டலாகாது.

3. அல்சூர் வகுப்பறை வரை வந்த பயன்

இவ்வாராய்ச்சி நமக்குத் தொலைவில் நடந்த ஒன்று என்று கருத வேண்டா. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்கு எதிரான தடுப்பூசி இயக்கம் கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளில் முதலில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. ஆசிரியர்கள் குழந்தைகளை வரிசையில் நிறுத்தினர். களப்பணியாளர்கள் வதந்திகளுக்கு மறுமொழி கூறிப் பெற்றோரை இணக்கினர். இப்பாடத்தைப் படிப்போரில் பலர் அந்நாள்களில் உழைத்தவர்களாக இருத்தல் கூடும்.

அவ்வூசியிலுள்ள நோய்க்கிருமிகள், வலிமை குன்றச் செய்யப்பட்டு, மனித அணு வரிசைகளில் வளர்க்கப்படுபவை. ஹேஃப்லிக் 1962இல் உருவாக்கிய வரிசையும், பிரிட்டனில் 1966இல் உருவாக்கப்பட்ட மற்றொரு வரிசையும் உலகெங்கும் இவ்வகைத் தடுப்பூசிகளுக்குப் பயன்பட்டன. இரண்டும் கருவின் நுரையீரல் திசுவினின்று பெறப்பட்டவை. அவற்றை நம்பி ஏற்றமைக்கு ஒரு காரணம், அவை எல்லையுள்ளவை என்பதே. எல்லையின்றிப் பிரிதல் புற்று அணுவின் இயல்பு. உரிய காலத்தில் மூப்படைந்து நிற்கும் அணு, தான் இயல்பான அணு என்பதற்குத் தானே சான்றாகின்றது.

4. எண்ணிக்கையை வைத்திருப்பது எது?

அணுவின் உட்கருவில் குரோமோசோம்கள் உள்ளன. அவை டி.என்.ஏ. என்னும் நெடிய இழையால் ஆனவை. அணு பிரியுமுன் அவ்விழை முழுவதும் நகலெடுக்கப்படல் வேண்டும். நகலெடுக்கும் பொறியமைப்பு இழையின் கடைக்கோடியை முழுமையாக நகலெடுக்க இயலாதது. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் முனை சிறிது குறைகின்றது. இதனை ரஷ்ய விஞ்ஞானி ஒலோவ்னிக்கோவ் 1971இலும், வாட்சன் 1972இலும் எடுத்துக்காட்டினர்.

பாய் முடைவோர் ஓரத்தை மடித்துக் கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். ஓரக்கட்டு அவிழ்ந்தால் பாய் முழுவதும் பிரிந்துபோகும். அவ்வாறே குரோமோசோமின் இரு முனைகளிலும் டெலோமியர் என்னும் ஓரக்கட்டு உள்ளது. அதில் செய்தி ஏதும் இல்லை. ஆறு எழுத்துகளாலான ஒரே தொடர் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகின்றது. மனித அணுவில் ஒவ்வொரு பிரிவுக்கும் சுமார் 50 முதல் 200 எழுத்துகள் வரை இதில் தேய்கின்றன. ஓரக்கட்டு மிகக் குறுகியதும், இழை அறுந்துவிட்டதாக அணு கொள்கின்றது. உடனே பிரிதலை நிறுத்துகின்றது.

அப்படியாயின் தலைமுறைதோறும் முனை குறைந்து உயிரினமே அற்றுப்போகாதோ? இல்லை. முனையை மீண்டும் நீட்டும் டெலோமியரேஸ் என்னும் நொதியை 1984இல் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் ஒரு நுண்ணுயிரில் கண்டனர். இவர்களுக்கும் ஜாக் ஷோஸ்டக்குக்கும் 2009ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கருவணுக்களில் இந்நொதி இயங்குகின்றது. பெரும்பாலான உடலணுக்களில் அடங்கிக் கிடக்கின்றது. புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் அது மீண்டும் விழித்தெழுகின்றது. 1951இல் அமெரிக்காவில் புற்றுநோயால் மறைந்த ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் கட்டியினின்று எடுத்த அணுக்கள் இன்றும் உலக ஆய்வுக்கூடங்களில் பிரிந்துகொண்டே இருப்பதன் காரணம் இதுவே.

முனை தேய்தல் ஒன்றே மூப்பின் காரணம் அன்று. புகையிலைப் புகை, கதிர்வீச்சு, வெயிலின் புற ஊதாக் கதிர், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியன டி.என்.ஏ.வை நேராகச் சேதப்படுத்தி, முனை நீளமாக இருக்கும்போதே அணுவை மூப்படையச் செய்யும்.

5. மூப்பு காக்கும் விதம்

அணு மூப்படைவது உடலின் தோல்வி எனத் தோன்றும். உண்மையில் அது முதற்கண் ஒரு காவல். சேதமுற்ற டி.என்.ஏ.வோடு ஓர் அணு பிரியுமாயின், அச்சேதம் பெருகிப் புற்றுநோயாக முடியலாம். பி-53, பி-16 எனக் குறியிடப்பட்ட புரதங்கள் அத்தகைய அணுவைத் தடுத்து நிறுத்துகின்றன. புற்றுநோயைத் தூண்டும் ஒரு மரபணுவை இயல்பான அணுவுக்குள் புகுத்தியபோது, அது கட்டியாக வளராமல் மூப்படைந்து நின்றதை மானுவல் செரானோவும் உடன் ஆராய்ந்தவர்களும் 1997இல் காட்டினர்.

இதற்கு நம் உடலிலேயே சான்று உண்டு. மச்சத்துக்குப் பலன் கூறுவோர் நம்மிடையே பலர். விஞ்ஞானம் கூறும் பலன் வேறு. மச்சங்களில் பல, புற்றுநோயைத் தூண்டும் மாற்றம் ஒன்றைப் பெற்ற நிற அணுக்கள் சிறிது பெருகி, பின்னர் மூப்படைந்து நின்றுவிட்ட திட்டுகள். நிறுத்தம் பலித்ததனால் அவை பல்லாண்டு அப்படியே இருக்கின்றன. இருந்த மச்சம் திடீரென வடிவோ நிறமோ மாறினாலும் குருதி கசிந்தாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும் என்று நாம் கூறுவதன் பொருளும் இதனால் விளங்கும்.

மேலும் இரு நன்மைகள் உள. கரு உருவாகும்போது சில உறுப்புகளில் அணுக்கள் குறித்த காலத்தில் மூப்படைந்து, பின்னர் அகற்றப்பட்டு, உறுப்பைச் செதுக்க உதவுகின்றன என்று 2013இல் இரு குழுவினர் கண்டனர். புண் ஆறுகையில் தற்காலிகமாகத் தோன்றும் மூப்பணுக்கள், தசையை இழுத்து மூடத் தூண்டும் பொருளைச் சுரக்கின்றன என்று 2014இல் அறியப்பட்டது. எலிகளில் அவ்வணுக்களை நீக்கியபோது புண் ஆறுவதற்குத் தாமதமாயிற்று.

6. மூப்பு கெடுக்கும் விதம்

நன்மை செய்யும் ஒன்று தீமை எவ்வாறு விளைக்கும்? தங்கும் காலத்தால் விளைக்கும். கோயில் திருவிழாவுக்குக் காவலர்களை அமர்த்துகிறோம். அவர்கள் விசில் ஊதுவர், வழியை மறிப்பர், கூட்டத்தை விலக்குவர். திருவிழா முடிந்தும் அவர்கள் அகலாமல், தெருவில் நின்று ஊதிக்கொண்டும் மறித்துக்கொண்டும் இருப்பார்களாயின், அத்தெருவில் வாழ்வது அரிது. மூப்படைந்த அணுவும் இத்தகையதே.

மூப்பணு, அழற்சியைத் தூண்டும் செய்திப் பொருள்களையும், திசுவின் கட்டுமானத்தைக் கரைக்கும் நொதிகளையும் இடைவிடாது வெளியிடுகின்றது. இதனை மூப்பணுச் சுரப்பு எனலாம். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜூடித் கம்பீசியும் அவர் குழுவினரும் 2008இல் இதனை விரிவாக விளக்கினர். இளமையில் இச்சுரப்பு, எதிர்ப்பு அணுக்களை அழைத்து, மூப்பணுவை அகற்றச் செய்கின்றது. காவலர் பணி முடித்து வீடு திரும்புகின்றனர். வயது ஏற ஏற மூப்பணுக்கள் மிகுகின்றன. அகற்றும் ஆற்றலோ குறைகின்றது. தங்கிவிட்ட மூப்பணுவின் சுரப்பு, அருகிலுள்ள நல்ல அணுக்களையும் மூப்படையச் செய்கின்றது.

மூட்டு நோயில் குருத்தெலும்பிலும், இரத்தக் குழாய்த் தடிப்பில் குழாய்ச் சுவரிலும், நுரையீரல் தழும்பு நோயில் நுரையீரலிலும், உடற்பருமனிலும் நீரிழிவிலும் கொழுப்புத் திசுவிலும் மூப்பணுக்கள் மிகுதியாகக் காணப்பட்டுள்ளன. நம் நாட்டில் நீரிழிவு உடையவர்கள் ஏறத்தாழ 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டதை நினைவிற்கொண்டால், இதன் முக்கியத்துவம் புலப்படும். புற்றுநோய்க்குக் காவலாக நிற்கும் மூப்பணுவின் சுரப்பே, நெடுநாள் தங்கினால், அருகிலுள்ள புற்று அணுக்களுக்கு ஊக்கமளிக்கவும் கூடும் என்பது வியக்கத்தக்கது.

எனினும் ஓரிடத்தில் மூப்பணு காணப்படுவதனாலேயே நோய்க்கு அதுவே காரணம் என்று முடிவு செய்யலாகாது. தீப்பற்றிய வீட்டருகே தீயணைப்போரையும் காணலாம் அன்றோ? காரணமா, விளைவா என்பதை அறிய, மூப்பணுக்களை நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

7. எலியில் கண்டதும் மனிதரில் கண்டதும்

அவ்வாறு நீக்கிப் பார்த்தவர்கள் அமெரிக்க மேயோ மருத்துவ நிலையத்து வான் டூர்சன் குழுவினர். பி-16 புரதம் மிகுந்த அணுக்களை விரும்பும்போது அழிக்கத்தக்க எலிகளை அவர்கள் உருவாக்கினர். விரைந்து முதிரும் இயல்புடைய எலிகளில் இவ்வணுக்களை நீக்கியபோது கண்புரை, தசை மெலிவு முதலியன தாமதமாயின என்று 2011இல் வெளியிட்டனர். இயல்பான எலிகளிலும் நடு ஆயுள் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கூடியது என்று 2016இல் வெளியிட்டனர். இதற்கிடையில், மூப்பணுவைத் தேர்ந்தழிக்கும் மருந்துகளை 2015இல் அதே நிலையத்தைச் சேர்ந்த கிர்க்லாண்டும் உடன் ஆராய்ந்தவர்களும் அறிவித்தனர். அவற்றுள் ஒன்று குருதிப் புற்றுநோய்க்கு வழங்கும் டசாடினிப். மற்றொன்று வெங்காயம் முதலியவற்றில் உள்ள குவர்செட்டின்.

எலியில் கிட்டிய வெற்றி மனிதரிடத்தும் கிட்டியதா? நுரையீரல் தழும்பு நோயாளிகள் 14 பேருக்கு இவ்விரு மருந்துகளும் கொடுக்கப்பட்டதில் நடக்கும் ஆற்றல் சிறிது கூடியது என்று 2019இல் அறிவித்தனர். ஆயினும் மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. முழங்கால் மூட்டு நோயில் யுனிட்டி பயோடெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனம் வேறொரு மருந்தை 183 நோயாளிகளைக் கொண்டு சோதித்தது. 12 வாரங்களுக்குப் பின் வலியில் மருந்து ஊசிக்கும் மருந்தில்லாப் போலி ஊசிக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்று 2020இல் அந்நிறுவனமே அறிவித்தது. மாதவிடாய் நின்ற 60 பெண்களிடம் டசாடினிப், குவர்செட்டின் இரண்டையும் 20 வாரங்கள் இடைவிட்டுக் கொடுத்து நடத்திய சோதனை 2024இல் வெளிவந்தது. எலும்புத் தேய்வு குறையும் என எதிர்பார்த்த முதன்மைப் பயன் அதில் கிட்டவில்லை.

தீங்கும் இல்லாமல் இல்லை. டசாடினிப் குருதித் தட்டணுக்களைக் குறைப்பதும், நுரையீரலைச் சூழ்ந்து நீர் கோக்கச் செய்வதும் அறிந்த விளைவுகள். எலியின் கல்லீரலில் குழாய்ச் சுவரிலிருந்த சிலவகை மூப்பணுக்களை நீக்கியபோது அவ்விடத்தில் தழும்பு ஏற்பட்டது என்று 2020இல் கண்டனர். எல்லா மூப்பணுவும் வேண்டாதது அன்று என்பதற்கு இது சான்று. எதனை நீக்கலாம், எதனை விடலாம் என்று பிரித்தறியும் கருவி இன்னும் கைக்கு வரவில்லை. 1995இல் கண்ட நீலச் சாயச் சோதனை முதலாகப் பல அடையாளங்கள் உண்டு; எந்த ஒன்றும் தனித்துப் போதாது. மருத்துவமனையில் ஒருவருடைய மூப்பணுக்களை அளந்து கூறும் நிலைபெற்ற குருதிச் சோதனையும் இல்லை.

8. நம் நாட்டு ஆராய்ச்சி

இந்தியாவில் மூப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்டோருள் காசி இந்து பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எம். எஸ். கனுங்கோ குறிப்பிடத்தக்கவர். மூப்பின் உயிர் இரசாயனம் பற்றிய அவருடைய நூல் 1980இல் வெளிவந்தது.

பெங்களூரில் 1909இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகம் அல்சூருக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கு தீபக் சைனியின் ஆய்வுக்கூடம் டி.என்.ஏ. சேதத்தையும் உயிரணு மூப்பையும் ஆராய்ந்து வருகின்றது. நலமான முதுமைக்கு இந்தியருக்கே உரிய அளவுகள் எவை என்று காணும் ஆய்வும் அக்கழகத்தில் தொடங்கப்பட்டுள்ளது. நம் மருத்துவர் கையாளும் இயல்பு அளவுகளில் பல, மேலை நாட்டு மக்களிடம் எடுத்தவை. அவை நமக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது. அக்கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமங்களில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன 10,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கும் ஆய்வினை 2018 முதல் நடத்தி வருகின்றது. அவ்வாய்வின் ஆங்கிலப் பெயரிலும் மூப்பு என்னும் சொல் வருகின்றது. ஆனால் அங்கு அது மூளையும் நரம்புகளும் முதிர்தலைக் குறிக்கின்றது. இப்பாடம் கூறும் அணு நிறுத்தத்தை மட்டும் குறிப்பதன்று. ஒரே சொல் இடத்துக்கேற்பப் பொருள் மாறுவதை விளக்கிக் கூறுதல் களப்பணியாளர் கடமை.

9. மக்களிடம் கூறத்தக்கவை

முதலாவது, மூப்பணுவை நீக்கி நோய் தீர்ப்பதாக நிறுவப்பட்டு, அதற்கென விற்பனைக்கு வந்த மருந்து எதுவும் இன்று இல்லை. உணவுத் துணைப்பொருள் என்ற உரிமம், நோய் தீர்க்கும் என்பதற்குச் சான்று ஆகாது.

இரண்டாவது, 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை, குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடலாகாத நிலைகளை வரிசைப்படுத்துகின்றது. இளமையை மீட்டல், காலத்துக்கு முந்திய மூப்பு ஆகியன அவ்வரிசையில் உள்ளன. எனவே இத்தகைய விளம்பரத்தைக் கண்டால் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் தெரிவிக்கலாம்.

மூன்றாவது, அணுக்களுக்கு நேரும் சேதத்தைக் குறைக்கும் வழிகள் நாம் அறிந்தவையே. புகையிலையை விடுதல், உடல் எடையைக் காத்தல், நாள்தோறும் உடலை இயக்குதல், நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல், கடும் வெயிலில் உடலை மூடிக்கொள்ளுதல் ஆகியன அவை. இவை புதியன அல்ல, ஆயினும் மெய்ப்பிக்கப்பட்டவை.

நான்காவது, மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நிறுத்திவிட்டு அப்பணத்தில் புட்டி வாங்குவது பெருந்தீங்கு. இதனைக் கடிந்து கூறாமல், வலியுற்றோர் மனமறிந்து கூறுதல் வேண்டும். அவர்கள் ஏமாளிகள் அல்லர், நடக்க விரும்புகிறவர்கள்.

10. வகுப்பில் செய்து காட்ட

30 சென்டிமீட்டர் நீளமுள்ள காகித நாடா ஒன்றை எடுத்து, இரு முனையிலும் 5 சென்டிமீட்டர் வெறுமையாக விட்டு, நடுவில் ஒரு வாக்கியம் எழுதுக. இதுவே குரோமோசோம், வெறும் முனைகள் டெலோமியர். அடுத்த மாணவர் இதனை நகலெடுக்கும்போது, ஒவ்வொரு முனையிலும் அரை சென்டிமீட்டர் குறைத்து எடுக்கட்டும். அந்நகலைப் பார்த்து அடுத்தவர் எடுக்கட்டும். பத்தாம் நகலில் வெறும் முனை முற்றும் தீர்ந்துவிடும். பதினொன்றாம் மாணவர் நகலெடுத்தால் வாக்கியத்தின் முதலெழுத்து வெட்டுப்படும். "இப்போது நீ என்ன செய்வாய்?" என்று அம்மாணவரைக் கேளுங்கள். "நிறுத்திவிடுவேன்" என்று அவர் கூறுவாராயின், பாடம் விளங்கிற்று.

முடிவுரை

உயிரணு மூப்பு, சேதமுற்ற அணுவை நிறுத்தி உடலைக் காக்கின்றது; நிறுத்தப்பட்ட அணு அகலாது தங்கினால் உடலை வாட்டுகின்றது. காவலும் கேடும் ஒன்றே, வேறுபடுவது காலம். ஆகவே மூப்பு முழுவதையும் ஒழிப்பது விஞ்ஞானத்தின் நோக்கம் அன்று. பணி முடித்த அணுக்களை மட்டும் அறிந்து அகற்றுவதே நோக்கம். அதற்கான வழி இன்னும் தேடப்பட்டு வருகின்றது.

இவற்றைக் கற்றறிந்தபின் டீச்சரம்மாவிடம் சென்று கூறினேன். முழங்கால் சோதனையின் முடிவைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்திருப்பேனே, தம்பி" என்றார். இரண்டாம் புட்டி அவர் வாங்கவில்லை. மருத்துவர் கூறியபடி தொடைத் தசைக்குரிய பயிற்சிகளைச் செய்து வருகிறார். கைத்தடியோடு ஏரிக்கரையின் முதல் வளைவு வரை நடக்கிறார். சிலை வரை இன்னும் செல்லவில்லை.

வினாக்கள்

1. உயிரணு மூப்புக்கும் உயிரணுச் சாவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஆண், பெண் அணுக்களைக் கலந்து வளர்த்த சோதனை எந்த ஐயத்தை நீக்கிற்று?
3. எல்லையுள்ள அணு வரிசைகள் தடுப்பூசித் தயாரிப்புக்கு ஏற்றவையாகக் கருதப்பட்டது ஏன்?
4. மூப்பணுச் சுரப்பு எப்போது நன்மை செய்யும், எப்போது தீமை செய்யும்?
5. இளமையை மீட்பதாக விளம்பரம் செய்யப்படும் மாத்திரை ஒன்றைப் பற்றி உங்கள் பகுதி முதியவர் கேட்டால், அவர் மனம் நோகாமல் என்ன மறுமொழி கூறுவீர்கள்? ஐந்து வாக்கியங்களில் எழுதுக.